குத்தினால் மட்டும் போதுமா?



ஆண்டு மலர் என்றாலே தாய்மொழி, தாய்நாடு, விஞ்ஞானத்தின் விந்தை என்று எழுதுவதுதான் வழக்கம். நான் மூக்கைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்க வேண்டாம். முகத்தின் நடுவில் இருப்பதாலோ என்னவோ, அதைப் பற்றிப் பேச யாருமே முன்வருவதில்லை.

நம் வீடுகளில் காது குத்துவதற்கு நாள் பார்க்கிறோம், நட்சத்திரம் பார்க்கிறோம், குலதெய்வக் கோயில் வாசலில் தாய்மாமன் மடி தேடுகிறோம், கிடா வெட்டிச் சோறு போடுகிறோம். பெண் வயதுக்கு வந்தால் மூக்கும் குத்துகிறோம். இப்போது பையன்களும் ஒற்றைக் காதில் கடுக்கன், புருவத்தில் வளையம் என்று கிளம்பிவிட்டார்கள். இதெல்லாம் அவரவர் விருப்பம். ஆனால் குத்துகிற ஊசி சுத்தமா என்று கேட்பவர் எத்தனை பேர்? குத்திய இடம் கோணலாகிவிட்டால், புண்ணாகிவிட்டால், அதைச் சரி செய்ய முடியும் என்று அறிந்தவர் எத்தனை பேர்? "அவ ராசி அப்படி" என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிடுகிறோம். அந்த ஒரே வார்த்தையைத்தான் நான் எதிர்க்கிறேன்.

என் கருத்து இரண்டே இரண்டு. ஒன்று, தவறாகக் குத்திய துளையைத் திருத்த முடியும். இரண்டு, திருத்திய பிறகு அது ஆறுவதற்கு உரிய காலத்தை வீடும் கல்லூரியும் கொடுக்க வேண்டும்.

மூக்கும் காதும் ஒன்றா?

காது மடலின் கீழ்ப்பகுதியில், அதாவது தோடு போடும் இடத்தில், எலும்பும் இல்லை, குருத்தெலும்பும் இல்லை. தோலும் கொழுப்பும்தான். ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும். ஆகவே ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறிவிடும். மூக்கு அப்படி இல்லை. வெளியே தோல், உள்ளே ஈரமான சவ்வு, இடையில் பல இடங்களில் குருத்தெலும்பு. குருத்தெலும்புக்குத் தனி ரத்தக் குழாய் கிடையாது. அதன் மேல் உறையிலிருந்து கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. அதனால் மூக்கு ஆற இரண்டு முதல் நான்கு மாதம், சிலருக்கு ஆறு மாதம்கூட ஆகும். காதின் மேல் விளிம்பில் குத்தினால் ஒரு வருடம் வரை போகும்.

இதை அறியாமல், "காது குத்தினப்ப ஒண்ணும் ஆகலியே, மூக்குக்கு மட்டும் என்னா?" என்று கேட்பது எப்படி இருக்கிறது தெரியுமா? மரத்தில் போட்ட துளைக்கும் வார்ப்பிரும்பில் போட்ட துளைக்கும் ஒரே டிரில், ஒரே வேகம் என்று சொல்வது போல் இருக்கிறது. முதலாம் ஆண்டு ஒர்க் ஷாப் முடித்த எவரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

துப்பாக்கியும் ஊசியும்

எங்கள் வீட்டில் நான்தான் முதலில் படிக்க வந்தவள். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் எங்கள் ஊர். பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "கீழ போற பொண்ணு மூக்கு வெறுமையா இருக்கக் கூடாது" என்பதுதான். மலையடிவாரச் சந்தையில் ஒருவர் துப்பாக்கி போன்ற கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு நொடியில் வேலை முடிந்தது. அம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

ஆறாவது வாரம் மூக்குத்தியைச் சுற்றி மிளகளவுக்கு ஒரு சிவப்புக் கட்டி. தொட்டால் ரத்தம். முகம் கழுவினால் ரத்தம். துளையும் மூக்கின் ஓரத்து மடிப்பில் போய் உட்கார்ந்திருந்தது. மூக்குத்தி முன்னால் பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்தது. ஒருவர் மஞ்சள் தூள் என்றார், ஒருவர் அடுப்புச் சாம்பல் என்றார், ஒருவர் பல்பொடி என்றார். "படிக்கப் போன கிறுக்குல சாமிக்கு வேண்டினதை மறந்துட்டா" என்று சொன்னவரும் உண்டு. மூக்கில் வந்த கட்டிக்கும் டிப்ளமோவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

கடைசியில் அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரம்மா பார்த்தார். "இது கெலாய்டு இல்ல கண்ணு, பயப்படாதே. துப்பாக்கி கம்பி காதுக்குன்னு செஞ்ச நீளம். மூக்கு வீங்கினதும் அழுத்திடுச்சு" என்றார்.

அந்தத் துப்பாக்கியின் வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஊசியின் முனை கூர்மையாக வெட்டிக்கொண்டு போகிறது. துப்பாக்கியோ மழுங்கிய கம்பியை ஸ்பிரிங் விசையால் சதைக்குள் அடித்து இறக்குகிறது. மழுங்கிய பஞ்சால் தகட்டில் துளை போட்டால் ஓரம் கிழிந்து பிசிறு நிற்கும் அல்லவா, அதே கதைதான். அது மட்டுமா? மருத்துவக் கருவிகளை ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வைத்துக் கிருமி நீக்குகிறார்கள். துப்பாக்கியின் பிளாஸ்டிக் பாகங்கள் பலவும் அந்தச் சூட்டைத் தாங்காது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு அடுத்த ஆளுக்கு வைக்கிறார்கள். மஞ்சள் காமாலை பி, சி வகைக் கிருமிகள் ரத்தத்தின் வழியே பரவுபவை என்பதை மறந்துவிடக் கூடாது.

நம் ஊர்ச் சந்தையில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், ஒரே கடையில் காதின் மேல் விளிம்பில் குத்திக்கொண்டவர்களில் 7 பேருக்கு சூடோமோனாஸ் என்ற கிருமித் தொற்று உறுதியானது. அந்த விவரம் 2004-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. வசதி படைத்த நாட்டிலேயே இந்தக் கதி!

சுசுருதர் சொன்னது

"குத்தினதை அடைக்கிறதா? அபசகுனம்!" என்று பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். நம் பழைய மருத்துவ நூலே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. சுசுருத சம்ஹிதையில் காது குத்துவதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. சூரிய ஒளியில் மடலைப் பிடித்துப் பார்த்து, ஒளி ஊடுருவித் தெரியும் இடத்தில் குத்த வேண்டும் என்கிறது. இடம் தவறிக் குத்திவிட்டால்? திரியை உடனே எடுத்துவிடு, மருந்து பூசு, நன்றாக ஆறட்டும், ஆறிய பிறகு மறுபடியும் குத்து என்கிறது! அறுந்த மடலை ஒட்டுவதற்குப் பதினைந்து முறைகளும் அதே அத்தியாயத்தில் உள்ளன. அபசகுனம் என்ற பேச்சே அங்கு இல்லை.

இன்னொரு சரித்திரமும் கேளுங்கள். 1792-இல் முடிந்த மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கோவாஸ்ஜி என்பவரின் மூக்கைத் திப்புவின் வீரர்கள் அறுத்துவிட்டார்கள். புனே பக்கத்தில் செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர், நெற்றித் தோலை இறக்கி வைத்து அவருக்குப் புது மூக்கு செய்து கொடுத்தார். 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் இந்தச் செய்தி படத்துடன் வந்தது. அதைப் படித்த கார்ப்யூ என்ற ஆங்கில மருத்துவர் 1814-இல் தம் நாட்டில் அதே முறையில் அறுவை செய்தார். அந்தச் செங்கல்காரர் எந்தக் கல்லூரிப் பட்டமும் பெற்றவர் இல்லை. கைத்தொழில் செய்யும் குலத்தில் பிறந்த நமக்கு இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்? முழு மூக்கையே செய்து கொடுத்த தேசத்தில், ஒரு மில்லிமீட்டர் துளையைத் திருத்துவதற்கு ஏன் அஞ்ச வேண்டும்?

மருத்துவரம்மா எனக்குச் செய்ததும் சுசுருதர் சொன்ன வழிதான். கம்பியைக் கழற்றினார். கட்டியை மருந்து வைத்துக் கரித்தார். துளை மூடட்டும் என்று விட்டார். மூன்று மாதம் கழித்து, பழைய தழும்பைத் தவிர்த்து, சற்று மேலே புது ஊசியால் குத்தினார். தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் கேட்டார். அது ஆற இன்னும் நான்கு மாதம் பிடித்தது. ஆக, ஒரு நொடியில் போட்ட ஓட்டையைத் திருத்த ஏறக்குறைய ஏழு மாதம்!

எங்கள் ஊரில் ஓர் ஆயா இருக்கிறார். கனத்த தோடு இழுத்து, காது மடல் இரண்டாகக் கிழிந்தே பல வருடம். கல்யாண வீட்டில் முந்தானையால் காதை மூடிக்கொண்டு பின்வரிசையில்தான் உட்காருவார். என் மூக்கு சரியானதைப் பார்த்துவிட்டு, தனியாகக் கூப்பிட்டு, "வலிக்குமாடி கண்ணு?" என்று கேட்டார். கிழிந்த மடலுக்கு மரத்துப் போகும் ஊசி போட்டு, ஓரங்களை லேசாகச் சீவிப் புண்ணாக்கி, சேர்த்துத் தைப்பார்கள். பழைய ஓரம் அப்படியே இருந்தால் ஒட்டாது. துருவை அரத்தால் தேய்க்காமல் வெல்டிங் வைத்தால் பிடிக்குமா, அது போல. அரை மணி நேர வேலை. ஒரு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். ஆயா செய்துகொண்டார். கண்ணாடியில் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "இத்தினி வருசமா யாரும் சொல்லலியேடி!"

நண்பர்களே, இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அந்த வார்த்தைதான். ஆயாவிடம் பணமும் கேட்கவில்லை, சிபாரிசும் கேட்கவில்லை. முடியும் என்று சொல்ல ஓர் ஆள்தான் இல்லாமல் போனது.

ஆறுவதும் ஒரு வேலை

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். மூக்குப் புண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். தினமும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கொதித்து ஆறிய ஒரு டம்ளர் தண்ணீரில் கால் ஸ்பூன் உப்பு, அதில் நனைத்த சுத்தமான துணியால் காலையும் மாலையும் ஒத்தி எடுத்தால் போதும். கடை மஞ்சள் தூள், சாம்பல், பல்பொடி எதுவும் வேண்டாம். அவை கிருமி நீக்கியவை அல்ல; துளைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் செல்லையும் அழித்துவிடும். எங்கள் மலையில் துளை மூடாமலிருக்கச் சொருகும் வேப்பங்குச்சியும் துடைப்பக்குச்சியும் புதுப் புண்ணுக்கு ஆகாது.

ஆறும் வரை கவரிங் மூக்குத்தி கூடாது. அதில் கலந்திருக்கும் நிக்கல் பலருக்கு அரிப்பையும் நீர்க்கசிவையும் கொண்டுவரும். உடம்பில் படும் நகைகளில் நிக்கலைக் கட்டுப்படுத்த ஐரோப்பிய நாடுகள் 1994-லேயே விதி கொண்டுவந்துவிட்டன. தங்கமோ டைட்டானியமோ நல்லது. திருகாணியை இறுக்கித் திருகவும் கூடாது.

சீழ் பிடித்து வலித்தால் பயந்துபோய் நாமே மூக்குத்தியைக் கழற்றி எறிந்துவிடக் கூடாது. வாய் மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடும். மருத்துவரிடம் காட்டிவிட்டு அவர் சொல்படி கழற்ற வேண்டும். குத்திய இடத்தையும் தாண்டி, வழவழப்பாகத் தழும்பு வளர்ந்துகொண்டே போனால் அது கெலாய்டு. நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கும், இள வயதினருக்கும், பெற்றோருக்கு இருந்தவர்களுக்கும் இது அதிகம் வருகிறது. அதை வெறுமனே அறுத்து எடுத்தால் பெரும்பாலும் மறுபடி வளரும். அதனால் சில வார இடைவெளியில் ஸ்டீராய்டு ஊசி போட்டு அமுக்குகிறார்கள். தழும்பு என்றாலே நாட்டு வைத்தியரிடம் சுட்டுக்கொள்ளச் சொல்லும் வழக்கம் இருந்தால், அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இயந்திரவியல் மாணவி என்பதால் ஒன்று சொல்கிறேன். ஆறிய தோல் எவ்வளவு நாள் ஆனாலும் பழைய தோலின் வலிமையில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத்தான் எட்டும். மூன்று வாரத்தில் அதில் பாதிகூட வராது. மேலே காய்ந்துவிட்டது என்று மூன்றாம் வாரமே கனமான மூக்குத்தி மாட்டுவது, வெல்டிங் ஆறும் முன்பே சுமை ஏற்றுவதற்குச் சமம்.

யார் மூக்கு?

"இவ்வளவு தொல்லை எதற்கு? மூக்குத்தியே பெண்ணடிமைச் சின்னம்தானே, விட்டுத் தள்ளு" என்று என் தோழி ஒருத்தி வாதம் செய்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. "மூக்குத்தி இல்லாம பொண்ணா?" என்று என் அம்மா கேட்கிறார். அவர் பக்கமும் ஒரு மனசு இருக்கிறது. சாமை விற்ற காசில் எனக்காக அரைக் கிராம் தங்கம் வாங்கியவர் அவர். இரண்டு பேருக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். மூக்கு யாருடையதோ, முடிவும் அவருடையது. இரண்டாம் முறை குத்துவதற்கு முன் மருத்துவரம்மா அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "உனக்கு வேணுமா?" என்று கேட்டார். வேண்டும் என்றேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதுவும் சரியான பதிலாகவே இருந்திருக்கும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், தமிழ் வழி வந்த ஒரு மாணவி மூக்குத்தியோடு பள்ளிக்குப் போனார். 2004-இல் பள்ளி தடுத்தது. அவருடைய அம்மா விடவில்லை. வழக்கு நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய், 2007 அக்டோபர் 5-இல் மாணவிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஒரு சிறு மூக்குத்திக்காக நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே உட்கார்ந்து யோசித்திருக்கிறது. நாம் சில நிமிடம் யோசிக்கக் கூடாதா?

நம் நாட்டில் நீட் போன்ற தேர்வுகளுக்கு நகை அணிந்து வரக் கூடாது என்பது விதி. தேர்வு மையத்தின் வாசலில் மாணவிகள் மூக்குத்தியைக் கழற்ற முடியாமல் கண் கலங்கி நிற்கும் செய்திகள் வந்திருக்கின்றன. ஆறாத துளையில் கழற்றினால் சில மணி நேரத்திலேயே மூடத் தொடங்கிவிடும். திரும்பக் குத்தித் திணித்தால் புண்தான் மிச்சம். ஆகவே தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போதே குத்திக்கொள்ளுங்கள், அல்லது முடிந்த பிறகு குத்திக்கொள்ளுங்கள் என்று தங்கைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆகவே நம் மாணவர் சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, ஒர்க் ஷாப். லேத் முன்னால் வளையல், சங்கிலி, துப்பட்டா கூடாது என்பது உயிர் காக்கும் விதி. அதை நான் ஆதரிக்கிறேன். சுழலும் சக்கில் சிக்கினால் கை போய்விடும். ஆனால் ஆறாத மூக்குத்தி எதிலும் சிக்காது. அதைக் கழற்றச் சொல்வதற்குப் பதிலாக, மருத்துவ டேப் ஒட்டி மூடிக்கொள்ள அனுமதி தர வேண்டும். கிரைண்டிங் தூசியும் கூலண்டும் புண்ணில் படாமல் இருக்க டேப்தான் நல்லது.

இரண்டாவது, வருகைப் பதிவு. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து, மருத்துவரைப் பார்த்துவிட்டு மலை ஏறினால் ஒரு நாள் போய்விடும். ஊசிக்கு, தையல் பிரிக்க, மறுபரிசோதனைக்கு என்று போகும் நாட்களை, சீட்டு காட்டினால் மருத்துவ விடுப்பாக ஏற்க வேண்டும். 'அழகுக்காகப் போனாள்' என்று பல்லைக் காட்டக் கூடாது. புண் எங்கே இருந்தாலும் புண்தான்.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு முறை நம் கல்லூரியில் ஒரு மருத்துவ முகாம். 2022 ஜனவரி 12-இல் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் நம் கள்ளக்குறிச்சியும் ஒன்று. மருத்துவர் ஒருவரை அழைத்து, காது மூக்கு குத்துவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொல்வது பெரிய காரியமா? அதே பேச்சை நாம் மலைக்கும் கொண்டுபோக வேண்டும். திருவிழாவில், சந்தையில், 'ஒருவருக்கு ஒரு புது ஊசி' என்று ஒரு தட்டி எழுதி வைப்போம். காலங்காலமாக ஊசியால் குத்தி வரும் ஆசாரியை நான் குறை சொல்லவில்லை. அவர் கை நயம் துப்பாக்கிக்கு வராது. அவர் கையில் கிருமி நீக்கிய ஊசியும் உறையும் கொடுத்தால் அதைவிட நல்லது ஏது?

படிப்பு எதற்கு என்று எங்கள் ஊரில் இன்னும் கேட்கிறார்கள். வேலைக்கு, சம்பளத்துக்கு என்று பதில் சொல்லலாம்; தவறில்லை. ஆனால் கெட்டுப்போனதைச் சரி செய்ய முடியும் என்று தெரிந்துகொள்வதும், தெரிந்ததைப் பக்கத்து வீட்டு ஆயாவுக்குச் சொல்வதும் படிப்புதான் என்பது என் தாழ்மையான கருத்து. உங்கள் தெருவிலும் முந்தானையால் காதை மூடிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். விடுமுறைக்குப் போகும்போது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

— மூன்றாம் ஆண்டு மாணவி, இயந்திரவியல் துறை